சுடுதண்ணி டேங்க் ஒழுகுதா? காசைக் கையில் எடுக்க முன் பாருங்கள்



சுடுதண்ணி என்றால் ஒரு காலத்தில் எங்களுக்கு அடுப்பும் மிலாறும்தான். கவ்வாத்து வெட்டிய மலையில் இருந்து தலைச்சுமையாய்க் கொண்டுவந்த மிலாறு, கரி பிடித்த சட்டி, பீலித் தண்ணி. இன்றைக்கும் அநேகம் பேருக்கு அதுதான். ஆனால் தனி வீடு கிடைத்த குடும்பங்கள் சிலவற்றில் குளிக்கிற அறைச் சுவரில் வெள்ளையாய் ஒரு கீசர் தொங்குவதையும் இப்போது பார்க்கிறோம். கொழும்பில் கடையில் நிற்கிற மகனோ, வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிற மகளோ வாங்கிக் கொடுத்தது. இது ஆடம்பரம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். ஜனவரி மாதம் நுவரெலியாப் பக்கம் புல்லில் பனி உறைந்து கிடக்கிற காலையில், முழங்கால் வாதத்தோடு இருக்கிற ஒரு தாய்க்கு அது ஆடம்பரம் இல்லை.

வாங்கிக் கொடுத்த பிள்ளை தூரத்தில் இருக்கும். மூன்று நான்கு வருடத்தில் அது ஒழுகத் தொடங்கும்போது வீட்டில் இருப்பவர்களுக்குக் கை கால் ஓடாது. இம்முறை அதைப் பற்றித்தான் கதைக்கப் போகிறோம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். கீசரின் அடிப்பக்க மூடியில் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நாங்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். மூடியைக் கழற்றிப் பார்க்கவில்லை. "டேங்க் ஓட்டையாகிப் போச்சு அக்கா, புதுசுதான் வாங்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தோம். அந்த அக்கா தோட்டை அடகு வைத்துப் புதியதை வாங்கினார். பழையதைப் பக்கத்துத் தோட்டத்துப் பைப் பாஸ் ஒருவர் இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டு போனார். அடி மூடியைத் திறந்து, உள்ளே இருந்த ரப்பர் வோஷரை மாற்றி, தன் வீட்டிலேயே மாட்டிவிட்டார். நன்றாக வேலை செய்கிறது. அந்த வோஷரின் விலை ஒரு நாள் சம்பளத்தைக்கூடத் தொடவில்லை என்று கேள்விப்பட்டபோது எங்களுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "பரவாயில்லீங்க ஐயா, நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றார் அந்த அக்கா. தோட்டைப் பிறகு மீட்டுவிட்டார்கள். கட்டிய வட்டி கட்டியதுதான்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் இரண்டு மூன்று பாஸ்மாரிடம் உட்கார்ந்து இந்த விஷயத்தைக் கேட்டுப் படித்தோம். படித்ததை உங்களுக்குச் சொல்கிறோம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கீசர் ஒழுகுகிறது என்று நாம் சொல்வது நாலைந்து வேறு வேறு விஷயம். ஒன்றுக்குச் செலவே இல்லை. ஒன்றுக்கு ஒரு சுற்று டேப் போதும். ஒன்றுக்குத்தான் புது கீசர் வேண்டும். எது என்று தெரியாமல் காசை எடுக்கக் கூடாது.

சோதிக்க முன் ஒரு வேலை. சுவிட்சை நிறுத்துங்கள். சுவரில் உள்ள சுவிட்ச் நனைந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். காய்ந்த கையோடு, காலில் ரப்பர் செருப்போடு, மெயின் சுவிட்சில் நிறுத்துங்கள். டெப்பைத் தொடும்போது விரலில் சுருக்கென்று ஏதாவது தெரிந்திருந்தால், அது ஒரே ஒரு தடவை என்றாலும், வயரிங் தெரிந்த ஒருவர் பார்க்கும்வரை கீசரைப் போட வேண்டாம். சில வீடுகளில் ஒரு மீட்டரில் இருந்து அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் வயர் இழுத்திருக்கிறார்கள். அங்கே பக்கத்து வீட்டு மெயினையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து கீசரின் வெளிப்பக்கத்தையும், குழாய்களையும், புரி போட்ட இடங்களையும் பழைய துணியால் ஈரம் இல்லாமல் துடையுங்கள். அடியில் பத்திரிகைத் தாள் விரியுங்கள். ஒவ்வொரு பொருத்திலும் ஒரு துண்டுத் தாளைச் சுற்றி வையுங்கள். இராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் எந்தத் தாள் முதலில் நனைந்திருக்கிறதோ அங்கேதான் கோளாறு. தண்ணீர் ஓடி வந்து வேறு இடத்தில் சொட்டும். அதனால் சொட்டுகிற இடத்தைப் பார்க்காமல் மேலே இருந்து கீழே பார்த்துக்கொண்டு வாருங்கள்.

வெளிப்பக்கம் முழுக்க வியர்த்த மாதிரி ஈரம் இருந்து, பொருத்து எதுவும் நனையவில்லை என்றால், அது குளிருக்குப் பிடித்த ஈரம். சுவரில் இருந்து கூரைத் தண்ணீர் இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் தகரத்தில் இருந்த ஆணி ஓட்டைக்காகக் கீசரைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

குழாய்ப் பொருத்தில் ஈரம் என்றால் கவலை இல்லை. வரும் தண்ணீரின் வெல்வை மூடி, சுடுதண்ணி டெப்பைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, பொருத்தைக் கழற்றி, உள்ளே உள்ள வோஷரை மாற்றுங்கள். புரியில் வெள்ளை டேப்பைப் புரி சுற்றுகிற பக்கமாகவே சுற்றி இறுக்குங்கள். கை தெரிந்தவர் அரை மணித்தியாலத்தில் முடிப்பார். ஆனால் பலம் இருக்கிறது என்று ஸ்பேனரில் தொங்கிவிடாதீர்கள். கீசரின் குழாய் வாய் சுழன்றால் உள்ளே டேங்க் வெடிப்பு விடும். இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்றால் பிடித்து மற்றதால் இறுக்க.

அந்தச் சின்ன வெல்வை அடைக்காதீர்கள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மற்றது எல்லாம் மறந்தாலும் இது மறக்கக் கூடாது.

குளிர்ந்த தண்ணீர் கீசருக்குள் போகிற இடத்தில் ஒரு சின்ன பித்தளை வெல்வ் இருக்கும். அதில் ஒரு குட்டிக் கைப்பிடியும், பக்கத்தில் ஒரு மூக்கும் இருக்கும். அந்த மூக்கில் இருந்து சொட்டினால் அது பெரும்பாலும் பழுதே இல்லை. தண்ணீர் சுடும்போது பருத்துப் பெரிதாகும். எங்கள் பக்கத்துக் குளிர்ந்த தண்ணீர் 30 லீற்றரை நன்றாகச் சூடாக்கினால் அது அரை லீற்றருக்கு மேல் கூடும். கூடின தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போக முடியாது, அதே வெல்வ் அதைத் தடுக்கிறது. எனவே மூக்கு வழியாக வெளியே வருகிறது. கீசர் போட்டிருக்கும் நேரத்தில் மட்டும் சொட்டி, பிறகு நின்றுவிட்டால், அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று அர்த்தம்.

கீழ் டிவிசனில் ஒரு பாட்டி வீடு. பேத்தி கொழும்பில் இருந்து பழைய கீசர் ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தாள். பிள்ளைப் பராமரிப்பு நிலைய வேலையாகப் போன நாங்கள் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தோம். கதையோடு கதையாகப் பாட்டி சொன்னார்: "ஒரே ஒழுக்குங்க ஐயா. நம்ம தம்பி நிப்பாட்டிப்புட்டான், கெட்டிக்காரன்." எழும்பிப் போய்ப் பார்த்தோம். வெல்வின் மூக்கில் மிலாற்றுக் குச்சியைச் சீவி, துணி சுற்றி, அடித்து இறுக்கி வைத்திருந்தான் பேரன். அதற்கு மேல் கம்பியும் கட்டியிருந்தான். கீசரில் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது.

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு மெயினை நிறுத்தினோம். எல்லாரையும் வெளியே கூப்பிட்டோம். பாட்டிக்குக் கோபம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆறவிட்டு, வெளியே உள்ள சுடுதண்ணி டெப்பைத் திறந்துவிட்டுத்தான் அந்தக் குச்சியைப் பிடுங்கினோம்.

ஏன் இவ்வளவு பயம் என்று அந்தத் தம்பி கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறோம். கீசருக்குள் சூடு போதும் என்று நிறுத்துகிற ஒரு கட்டை இருக்கிறது. அது சிக்கிக்கொண்டால் தண்ணீர் தொடர்ந்து சூடாகிக்கொண்டே போகும். சில பழைய கீசர்களில் அது பழுதானதும் நேரடியாக வயர் கொடுத்து ஓட்டிவிடுகிறார்கள். அப்போது உயிரைக் காப்பாற்ற மிஞ்சி இருப்பது அந்த மூக்கு மட்டும்தான். அதையும் அடைத்தால் அழுத்தம் ஏறி டேங்க் பிளக்கும். அடைபட்டுச் சூடேறிய தண்ணீர் வெளியே வந்த கணமே ஆவியாகப் பாயும். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியானால் 1600 லீற்றருக்கு மேல் இடம் பிடிக்கும். எங்கள் வீடுகளின் குளிக்கிற அறை எவ்வளவு பெரிசு என்று உங்களுக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் சமையல்கட்டு.

அந்தத் தம்பி கெட்ட பிள்ளை இல்லை. பாட்டி வழுக்கி விழுந்துவிடுவார் என்று செய்தான். செய்ய வேண்டியது மூக்கை அடைப்பது அல்ல, மூக்கில் ஒரு மெல்லிய குழாயைச் செருகிக் கீழ்நோக்கி இறக்கி வாளிக்கோ கானுக்கோ விடுவது. அந்தக் குழாயின் மறுமுனை எப்போதும் திறந்து இருக்க வேண்டும்.

இரவும் பகலும் சொட்டினால்?

கீசர் போடாமல் ஆறி இருக்கும்போதும் வெல்வ் சொட்டினால் இரண்டு காரணம். ஒன்று, மணலோ தூசியோ மாட்டியிருக்கும். மழைக்குப் பிறகு எங்கள் ஊற்றுத் தண்ணீரில் என்ன வருகிறது என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர் ஆறியிருக்கும்போது குட்டிக் கைப்பிடியைச் சில விநாடி தூக்கிவிட்டால் தண்ணீர் வேகமாய் வந்து தூசியை அடித்துக்கொண்டு போய்விடும். மாதம் ஒரு தடவை இப்படிச் செய்வது நல்லது. அப்படியும் நிற்காவிட்டால் வெல்வை மட்டும் மாற்றலாம். கீசரை மாற்ற வேண்டியதில்லை. புது வெல்வ் பழையதில் அடித்திருக்கும் அளவிலேயே இருக்க வேண்டும். கடைக்காரர் "இதுவும் சரிதான்" என்றால் சரி என்று வாங்காதீர்கள்.

மற்றக் காரணம் மலைநாட்டுக்கே உரியது. பட்டணத்துப் பாஸ்மார் இதை யோசிக்க மாட்டார்கள். எங்கள் தண்ணீர் மலை உச்சித் தாங்கியில் இருந்து குழாயில் இறங்கி வருகிறது. உயரத்தில் 10 மீற்றர் இறங்கினால் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கூடும். கீசர் வெல்வ்கள் பலவற்றில் 8 பார் என்று அடித்திருக்கும். தாங்கி உங்கள் வீட்டுக்கு 80 மீற்றர் மேலே இருந்தால், கீசரைப் போடாமலே அழுத்தம் அந்த அளவுக்கு வந்துவிடும். வெல்வ் பாவம், சொட்டத்தான் செய்யும். இதை ஆள் வைத்துப் பார்க்கத் தேவையில்லை. எல்லா வீட்டிலும் டெப் மூடியிருக்கிற நடுச்சாமத்தில் அதிகமாகச் சொட்டி, பெரட்டுக்குப் போக முன் எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் குறைந்தால், அது குழாய் அழுத்தம்தான்.

இதற்கு எத்தனை வெல்வ் மாற்றினாலும் காசு வீண். கூரை உயரத்தில் ஒரு சின்னத் தாங்கி வைத்து அதில் இருந்து கீசருக்கு எடுத்தால் அழுத்தம் இறங்கிவிடும். அல்லது அழுத்தம் குறைக்கிற வெல்வ் ஒன்றைக் குழாயில் போடலாம். ஒரே வரிசையில் நாலைந்து வீட்டில் இதே கதை என்றால், டெப்புகளும் அடிக்கடி கழன்று போகிறது என்றால், அதைத் தனி வீட்டுச் செலவாக எடுக்காதீர்கள். இடைவழியில் அழுத்தம் உடைக்கிற தொட்டி கட்டுவது தோட்டத்துத் தண்ணீர் வேலை. சேர்ந்து வந்து எழுத்தில் கொடுங்கள். தனியாக வாயால் சொன்னது பெரட்டுக் களத்தோடு போய்விடும், எங்களிடம் சொன்னாலும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

அடியில் இருந்து வந்தால்

அடி மூடிக்குள் இருந்து வருவதுதான் நாங்கள் ஏமாந்த இடம். மூடிக்குள் சூடாக்குகிற கம்பி ஒரு வட்டத் தகட்டில் பொருத்தி, போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். நடுவில் ரப்பர் வோஷர். வருடக்கணக்கில் சூடும் குளிரும் பட்டு ரப்பர் கட்டையாகிவிடும். இதைத் திறக்க முன் மெயினை நிறுத்தி, தண்ணீரை முழுக்க வடிக்க வேண்டும். வயர் கழற்றுகிற வேலை இருப்பதால் பாஸ் ஒருவரைக் கூப்பிடுங்கள். கூலி போனாலும் போகட்டும். பழைய வோஷரைக் கையில் கொண்டுபோய் அதே அளவு வாங்குங்கள்.

திறந்த கையோடு இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே விரல் பருமனில் மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். டேங்கைத் தின்ன வருகிற துரு முதலில் இந்தக் கம்பியைத் தின்னட்டும் என்று வைத்தது. எங்கள் ஊற்றுத் தண்ணீர் மெதுவான தண்ணீர். சவர்க்காரம் நன்றாக நுரைக்கும், ஆனால் இரும்பைச் சீக்கிரம் அரிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது பார்த்து, கரைந்து கம்பி மாத்திரம் மிஞ்சியிருந்தால் மாற்றிவிட வேண்டும். கீசர் விலையோடு பார்த்தால் இது சின்னச் செலவு. கடையில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

வோஷரும் சரி, பொருத்தும் சரி, வெல்வும் சரி, அப்படியும் உடம்பின் இணைப்பில் இருந்து செந்நிறத் தண்ணீர் கசிகிறது என்றால் டேங்க் போய்விட்டது. அதற்கு மருந்து இல்லை. ஒட்டுமருந்து பூசினால் சில கிழமை நிற்கும். வெல்டிங் வைத்தால் உள்ளே பூசிய கண்ணாடிப் பூச்சு எரிந்து அடுத்த பக்கம் ஓட்டை விழும். இரண்டும் காசைக் கானில் போடுகிற வேலை. வெல்வை மூடி, வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

கீசரைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்றால் பெரும்பாலும் சூடாக்குகிற கம்பி பழுது. கம்பியை மட்டும் மாற்றலாம். ட்ரிப் சுவிட்சை ஒதுக்கிவிட்டு நேரே வயர் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

செலவுக் கணக்கு

"சொட்டுத்தானே, இருக்கட்டும்" என்று விடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு ஏறத்தாழ 20 லீற்றர். அது சுடுதண்ணிப் பக்கத்தில் இருந்து போனால், அதைச் சூடாக்க நாளைக்கு ஒரு யூனிட் அளவு கரண்ட். மாதம் 30 யூனிட். மின்கட்டணம் படிப்படியாக ஏறுவதால் அந்த 30 யூனிட் உங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிடும். 2022, 2023 இல் பில் ஏறின பிறகு இதன் பாரம் எல்லாருக்கும் தெரியும். 30 லீற்றர் கீசரை ஒரு தடவை முழுக்கச் சூடாக்க ஒன்றரை யூனிட் போகும். குளிக்க அரை மணித்தியாலம் முன் போட்டு, குளிக்கப் போகும்போது நிறுத்துங்கள். நாள் முழுக்கப் போட்டு வைக்காதீர்கள்.

புதியது வாங்கத்தான் வேண்டும் என்றால் அவசரப்பட்டு அடகுக் கடைக்குப் போகாதீர்கள். சீட்டு விழும்வரை அடுப்பு இருக்கிறது. சட்டியில் சுடவைத்துக் கொண்டுபோகும்போது பிள்ளைகளை வழியில் நிற்க விடாதீர்கள். வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, பிறகுதான் சுடுதண்ணியை ஊற்ற வேண்டும். வாளிக்குள் போடுகிற கொயில் மலிவாக இருக்கிறது என்று வாங்க வேண்டாம். கரண்ட் ஓடும்போது விரல் விட்டுச் சூடு பார்த்தால் உயிர் போகும். உடனே சுடவைக்கிற சின்ன ஷவர் ஹீட்டரும் பழைய லய வயரிங்குக்கு ஆகாது. அது இழுக்கிற கரண்டை மெல்லிய வயர் தாங்காது.

பழைய கீசர் யாராவது விற்றால் அடி மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். துருக் கோடு இருக்கிறதா, பச்சை மஞ்சள் எர்த் வயர் இருக்கிறதா, பாதுகாப்பு வெல்வ் கூடவே வருகிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

பாட்டி வீட்டுக்குப் போன மாதம் திரும்பப் போனோம். பேரன் புது வெல்வ் வாங்கிப் பாஸைக் கொண்டு மாட்டியிருந்தான். மூக்கில் இருந்து ஒரு மெல்லிய குழாய் இறங்கி, பழைய பால்மா டின்னுக்குள் போகிறது. ஒவ்வொரு காலையும் அதில் அரை லீற்றர் அளவு சேருகிறதாம். பாட்டி அதில்தான் தேத்தண்ணிக் கோப்பை கழுவுகிறார்.